உவந்தவை மூன்று

என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளவத்தையிலே பிறந்து, வெள்ளவத்தைக் கடற்கரை மணலிலே நடை பயின்றவள். பொங்கல் விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன்னர் அவளுடைய தமிழாசிரியை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். ‘அண்மையில் உமக்கு மிகவும் பிடித்த பயணம் ஒன்று, பொழுதுபோக்கு ஒன்று, தின்பண்டம் ஒன்று, இம்மூன்றையும் பற்றி எழுதி வருக’ என்பதே அவ்வேலை.

பிள்ளை கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பேனையைக் கடித்தாள். பின்னர் என் சாய்மனைக் கதிரைக்கருகில் வந்து நின்று, “அப்பப்பா, நீங்களெண்டால் எதை எழுதுவீங்கள்?” என்று வினவினாள்.

எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருவனுக்கு உவந்த பொருள் மூன்றைச் சொல்லுதல் எளிதென்றே எவரும் எண்ணுவர். நானும் அவ்வாறே எண்ணி, தடையின்றிச் சொல்லத் தொடங்கினேன். யாழ்தேவியிலே சன்னலோரத்து ஆசனம். வாடைக் காற்றிலே கூவும் கொக்குப் பட்டம். அக்கா வெயிலிலே காயவைத்துத் தரும் புழுக்கொடியல்.

“அப்பப்பா, ‘அண்மையில்’ எண்டெல்லோ ரீச்சர் சொன்னவ,” என்று பிள்ளை திருத்தினாள்.

அந்த ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. யாழ்தேவியில் நான் கடைசியாக ஏறியது 1989ஆம் ஆண்டிலே. உத்தியோக நிமித்தம் கொழும்புக்கு வந்தவன், பின்னர் பிறந்த ஊராகிய பருத்தித்துறைக்குத் திரும்பவேயில்லை. பாதை பூட்டியிருந்த காலத்திலே அதற்குக் காரணம் இருந்தது. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தது, வீதி திறந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமும் வந்தது. அதன்பின் என்னிடம் இருந்தவை காரணங்கள் அல்ல, சாட்டுகளே. 2017இல் அத்தான் காலமானபோதுங்கூட, முதுகு நோவைச் சாட்டிப் பணம் அனுப்பினேனேயன்றி நேரிற் செல்லவில்லை.

அக்கா அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. வீதி திறந்த காலம் முதல் ஆண்டுதோறும் மாசி மாதத்திலே கொழும்பு பஸ்ஸிலே பனையோலை உமல் ஒன்றை எனக்கு அனுப்பிவந்தார். அதனுள்ளே புழுக்கொடியல் இருக்கும். அத்தான் இறந்த ஆண்டிலும் உமல் தவறாமல் வந்தது.

பேத்தி கேட்ட கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லவேண்டுமாயின் ஊருக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று எனக்குப் பட்டது. பொங்கற் காலத்திலே வடக்கே போகும் வண்டியிலே ஆசனம் கிடைப்பது அரிது. எங்கள் நற்காலம், இரண்டாம் வகுப்பிலே இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. முழங்கால் வருத்தக்காரியான என் மனைவி வீட்டுக்குக் காவலாக நின்றாள்.

யாழ்தேவியிலே

வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை 1905ஆம் ஆண்டிலேயே பூர்த்தியாகிவிட்டது. ஆயினும் யாழ்தேவி என்னும் கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேதான். அதற்குமுன் இராத்தபால் வண்டியிலே தூங்கி வழிந்து சென்றவர்களுக்குப் பகலிலே புறப்பட்டுப் பகலிலே போய்ச்சேரும் வண்டி ஒரு புதுமையாக இருந்தது. கொழும்பிலே உத்தியோகம் பார்த்த எத்தனையோ குடும்பங்களின் கலியாணமும் காரியமும் அந்த வண்டியின் நேரத்தை அனுசரித்தே நடந்தன.

1990இல் போரினால் அந்த ஓட்டம் நின்றது. வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் காவலரண்கள் கட்டப் போய்விட்டன. பாதை இருந்த இடத்திலே பற்றை வளர்ந்தது. பின்னர் இந்திய உதவியுடன் புதிதாகப் பாதை இடப்பட்டு, 2013இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிலே காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாண நிலையத்துக்குள் வண்டி நுழைந்த காட்சியைத் தொலைக்காட்சியிலே கண்டு கண் கலங்கியவர்களுள் நானும் ஒருவன். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

கோட்டை நிலையத்திலே காலையில் ஏறினோம். பொல்காவலையிலே கண்டிப் பாதை கிழக்கே பிரிய, எங்கள் வண்டி வடக்கு நோக்கியது. குருநாகல் தாண்டும்வரை தென்னந்தோட்டமும் வயலும் மாறிமாறி வந்தன. மாகோவிலே மட்டக்களப்புப் பாதை பிரிந்தது. அதன்பின் பசுமை மெல்ல வெளிறி, வரண்ட நிலத்து மரங்களும் குளக்கட்டுகளும் தோன்றின.

எங்களுக்கு எதிரே ஒரு சிங்களத் தம்பதியர் அமர்ந்திருந்தனர். நயினாதீவிலுள்ள நாகவிகாரையைத் தரிசிக்கச் செல்வதாகச் சொன்னார்கள். அநுராதபுரம் வந்ததும் அந்த அம்மையார் கொக்கிஸ் நிறைந்த தகரப்பேணியைத் திறந்து முதலிலே பிள்ளையிடம் நீட்டினார். பேத்தி பாடசாலையிலே கற்ற சிங்களத்திலே அவர்களுடன் பேசத் தொடங்கியவள் வவுனியா வரை நிறுத்தவில்லை. குறிகட்டுவானிலே வள்ளம் எப்போது புறப்படும் என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தவனாகிய எனக்கு அது தெரியவில்லை. அவர்களோ நான்காம் முறையாக அங்கே செல்பவர்கள்! ‘உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தோம்’ என்று அவர் மரியாதையுடன் சொன்னபோது, நான் சன்னற் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று பெயர்ப் பலகைகள் வந்து போயின. ஒவ்வொன்றையும் பிள்ளை உரக்க வாசித்தாள். முறிகண்டி என்றவுடன், அங்குள்ள பிள்ளையாரை வணங்காமல் வீதியாற் செல்லும் வண்டிகள் போவதில்லை என்பதையும், கோயிலடியிலே விற்கும் வறுத்த கச்சானின் பெருமையையும் அவளுக்குக் கூறினேன். கூறி முடிக்கும் முன்னரே ஒருவர் கடதாசிச் சுருள்களிலே கச்சான் கொண்டுவந்தார். இரண்டு சுருள் வாங்கினோம். கோது உடைக்கும் ஓசையே அடுத்த அரைமணி நேரம் எங்கள் பேச்சாயிற்று.

பரந்தனைக் கடந்ததும் இருபுறமும் நிலம் விலகி நீர் விரிந்தது. “இதுதான் ஆனையிறவு,” என்றேன். தரை ஒடுங்கிய இவ்விடத்தினூடாக வன்னிக் காட்டு யானைகளைக் குடாநாட்டுக்குக் கொண்டு சென்றமையால் இப்பெயர் வந்தது என்பர். மாரி முடிந்த காலமாகையால் நீரேரி நிறைந்து கிடந்தது. உப்பு விளைவது கோடையிலே. இப்போது உப்பளப் பாத்திகளிலே கொக்குகளும் நாரைகளுமே நின்றன. 1991இலும் 2000இலும் 2009இலும் இந்த ஒடுங்கிய தரைக்காக நடந்த போர்களிலே இரு தரப்பிலும் எத்தனையோ இளைஞர்கள் மாண்டனர். அதைப் பிள்ளைக்குச் சுருக்கமாகவே சொன்னேன். அவள் கச்சானைக் கீழே வைத்துவிட்டு அந்த வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த அம்மையாரும் கைகூப்பினார்.

பின்னர் பனைகள் வந்தன. முதலிலே ஒன்றிரண்டாக, பிறகு கூட்டங்கூட்டமாக. “எல்லாம் தலைமயிர் வெட்டிக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கு,” என்றாள் பேத்தி. நானோ ஒன்றும் சொல்ல இயலாதவனாய் இருந்தேன்.

வடமராட்சிக்குச் செல்வோர் யாழ்ப்பாணம் வரை போகவேண்டியதில்லை. கொடிகாமத்திலே இறங்குவதே எக்காலத்தும் வழக்கம். அங்கிருந்து பஸ் வண்டியில் ஏறி, வரணியைக் கடந்து, நீரேரியைத் தாண்டிப் பருத்தித்துறையை அடைந்தோம். அக்கா படலையிலே நின்றார். எழுபத்தெட்டு வயது. கூன் விழுந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வா தம்பி. வழி தெரிஞ்சுதோ?” என்றார்.

அவ்வளவுதான். பிள்ளையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணத்திலே நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சமாதானம் எதற்கும் இடமில்லாமற் போயிற்று.

வானத்துக் கப்பல்கள்

மறுநாள் பொங்கல். முற்றத்திலே கோலமிட்டு, மூன்று கல்லு வைத்து, சூரியனுக்குப் படைத்து உண்டபின், அயல்வீட்டு இளைஞர் ஒருவர் வந்து, “வல்வெட்டித்துறைக்குப் பட்டம் பார்க்க வரேல்லையோ?” என்று அழைத்தார். ஆண்டுதோறும் தைப்பொங்கல் தினத்தில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையிலே விசித்திரப் பட்டப் போட்டி நடைபெறுவது வழக்கம். அவரும் ஒரு மாதமாக ஒரு பட்டம் கட்டியிருந்தார். முச்சக்கரவண்டியிலே திக்கம், பொலிகண்டி வழியாகக் கரையோரமாகச் சென்றோம்.

எங்கள் சிறுபிராயத்திலே பட்டம் என்றால் கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை, பாம்பன், படலம் என்று சில வகைகளே உண்டு. மூங்கிலைச் சீவி, கட்டி, தாள் ஒட்டி, முச்சை கட்டுவது வரை எல்லாம் எங்கள் கைவேலை. முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் குத்துக்கரணம் போடும். தலைப்பக்கத்திலே வில்லைப்போல வளைத்து நாடா கட்டிய ‘விண்’ணைப் பூட்டிவிட்டால், காற்றுப் பிடித்தவுடன் அது கூவத் தொடங்கும். மாலையிலே ஏற்றிய பட்டத்தை இறக்காமல் மரத்திலே கட்டிவிட்டு, அந்தக் கூவலைக் கேட்டுக்கொண்டே பாயிற் கிடந்து உறங்குவோம்.

வல்வெட்டித்துறையிலே கண்டவையோ அவற்றின் பேரப்பிள்ளைகள்! விமானம் ஒன்று எழுந்தது. பறவை ஒன்று சிறகடித்தது. சக்கரம் ஒன்று வானத்திலே சுழன்றது. சில பட்டங்களை மூவர் நால்வர் சேர்ந்தே பிடிக்கவேண்டியிருந்தது. கடலிலிருந்து வாடைக் காற்று நேரே வந்தது. மணலிலே வயது வேறுபாடின்றி ஊரே கூடி நின்றது. பாட்டிமார் கதிரை போட்டிருந்தனர். கைக்குழந்தைகளைத் தோளிலே ஏற்றியிருந்தனர்.

அயல்வீட்டு இளைஞர் கட்டிய பட்டம் ஒரு பாய்க்கப்பல். “ஏன் கப்பல் கட்டினனீங்கள்?” என்று பேத்தி கேட்டாள். “இந்த ஊரிலை வேறை என்ன கட்டுறது?” என்றார் அவர்.

அது வெறும் பெருமைப் பேச்சன்று. பாய்க்கப்பல் கட்டுவதிலே புகழ்பெற்ற ஊர் வல்வெட்டித்துறை. இங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். இவ்வூர் மாலுமிகளே செலுத்த, அது கடல்கள் பல கடந்து, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. மரத்தையும் கயிற்றையும் சீலையையும் கொண்டு காற்றை வசப்படுத்தத் தெரிந்த கைகள் அவை. கப்பற் தொழில் போய்விட்டது. அந்தக் கைப்பழக்கம் பட்டத்திலே வந்து குடியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் கப்பல் முதன்முறை எழுந்து, ஒரு பனை உயரம் போய், மூக்குக் குப்புற விழுந்தது. இரண்டாம் முறையும் அவ்வாறே. இளைஞரின் முகம் சுருங்கியது. அவ்வேளையிலே நான் அறியாமலே என் கால்கள் மணலிலே நடந்தன. முச்சையைப் பிடித்துப் பார்த்தேன். கீழ்க்கயிறு சற்று நீளம். “ரெண்டு விரல் குறையுங்கோ தம்பி,” என்றேன். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நான் முச்சை கட்டியதில்லை. ஆனால் விரல்கள் மறக்கவில்லை.

மூன்றாம் முறை கப்பல் எழுந்தது. பாய் விரிந்து, சற்றே சாய்ந்து, நிமிர்ந்து, உயர உயரப் போயிற்று. இளைஞர் கயிற்றிலே பேத்தியின் கையையும் சேர்த்துவைத்தார். “அப்பப்பா, இழுக்குது! உயிர் இருக்கிற மாதிரி இழுக்குது!” என்று அவள் கூவினாள். பரிசு எதுவும் அந்தக் கப்பலுக்குக் கிடைக்கவில்லை. நல்ல பட்டங்கள் அன்று பல இருந்தன. நடுவர்மேற் குறை சொல்வதற்கில்லை.

அன்றிரவு அக்கா வீட்டுத் திண்ணையிலே படுத்திருந்தோம். எங்கோ தொலைவிலே ஒரு விண் கூவிக்கொண்டிருந்தது. “அதென்ன சத்தம்?” என்று கேட்ட பிள்ளை, நான் விடை சொல்லத் தொடங்குமுன் உறங்கிவிட்டாள். நான் நெடுநேரம் உறங்கவில்லை.

ஊரின் பெயர் பெற்ற வடை

பருத்தித்துறைக்குச் சென்று வடை வாங்காமல் திரும்புவோரை ஊரார் மன்னிப்பதில்லை. மறுநாட் காலை பேத்தியை ஓடக்கரைப் பக்கம் அழைத்துச் சென்றேன். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குவதற்காக வீதியின் குறுக்கே கட்டிய கல்மண்டபமாகிய தெருமூடிமடத்தையும் அவளுக்குக் காட்டினேன். வீதியே அதனூடாகச் செல்வதைக் கண்டு, “வீட்டுக்குள்ளாலை றோட்டுப் போகுது,” என்று அதிசயித்தாள்.

பருத்தித்துறை வடை மற்றைய ஊர்களின் வடைபோல மெத்தென்றிருப்பதன்று. உழுந்தை ஊறவைத்து, அவித்த கோதுமை மாவும் அவியாத மாவும் சேர்த்து, இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு என்பன கலந்து இறுகக் குழைப்பர். பின் சிறு உருண்டைகளாக்கி, மெல்லிய தட்டாகத் தட்டி, எண்ணெயிலே சிவக்கப் பொரித்தெடுப்பர். கடித்தால் நொறுங்கும், காரம் சற்றுத் தாமதித்தே வரும். பல நாட்களுக்குக் கெடாது. இக்காலத்திலே கொழும்புக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அது போவதற்கு அந்தக் குணமே காரணம்.

வடை தட்டிக்கொண்டிருந்த அம்மையாரின் கைவேகத்தை பிள்ளை கண்கொட்டாமற் பார்த்தாள். உருண்டை வைத்ததும் தெரியவில்லை, தட்டியதும் தெரியவில்லை, தாச்சியிலே விழுந்த ஓசைதான் கேட்டது. சூடாக ஒன்றை அவள் கையிலே கொடுத்தார்கள். முதற் கடியிலே “ஆ!” என்றாள்; இரண்டாங் கடியிலே ஒன்றும் சொல்லவில்லை; மூன்றாவது வடைக்குக் கையை நீட்டினாள்.

நானும் ஒன்றை வாயிலிட்டேன். கடிக்கவில்லை, மெல்ல ஊறவைத்துச் சுவைத்தேன். ஏன் என்பதை இனித்தான் சொல்லவேண்டும்.

பின்வளவிலே கண்டது

நாங்கள் வடையோடு திரும்பியபோது அக்காவை வீட்டிலே காணவில்லை. பின்வளவுப் பக்கம் மண் வெட்டும் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால், அக்கா பனங்கிழங்குப் பாத்தியருகே குந்தியிருந்து, அலவாங்காலே மண்ணைக் கிண்டிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நகரத்துப் பிள்ளைகளுக்காக இதைச் சற்று விளக்கவேண்டும். ஆவணி, புரட்டாதியிலே பனம்பழம் விழும். களியைப் பிழிந்து பனாட்டுக்கும் பணியாரத்துக்கும் எடுத்தபின், கொட்டைகளைச் சேர்த்து, மணற் பாங்கான நிலத்திலே பாத்தி கோலி அடுக்கி, மண் மூடிவிடுவர். மாரி மழையிலே அவை முளைத்துக் கீழ்நோக்கிக் கிழங்கு இறக்கும். தை பிறந்ததும் கிண்டி எடுக்கலாம். பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கிக் கூழ் காய்ச்சலாம். அவித்துத் தோலுரித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கல்லுப்போல உறுதியாக இருக்கும். தேங்காய்ச் சொட்டோடு கடித்து மென்றால், வாயிலே மாவாகி இனிக்கும். அதற்கு நல்ல பல்லு வேண்டும்.

“அக்கா, நீங்களே இதெல்லாம் செய்யிறியள்? உதவிக்கு ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டேன்.

“ஆர் இருக்கினம்? பிள்ளையள் கனடாவிலை. அத்தான் இருக்கேக்கை அவர் கிண்டுவார், நான் அவிப்பன். இப்ப ரெண்டும் நான்தான்.”

பேத்தி அக்காவின் அருகே குந்தி ஒரு கிழங்கை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அக்கா சிரித்தார். அவர் வாயிலே இரண்டு பற்களே இருந்ததைப் பிள்ளை கவனித்துவிட்டாள்.

“ஆச்சி, பல்லில்லாமல் இதை எப்பிடிச் சாப்பிடுவீங்கள்?”

“நான் எங்கை மோனை சாப்பிடுறது? இது உன்ரை அப்பப்பாவுக்கு. அவனுக்குச் சின்னனிலை இருந்தே உயிர். தங்கச்சியின்ரை பங்கையும் களவெடுத்துத் தின்னுவான்.”

வாசக அன்பர்களே, நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் என் பற்கள் யாவும் போய்விட்டன. இப்போது வாயிலிருப்பவை கட்டுப்பற்கள். புழுக்கொடியலைக் கடிக்க அவற்றால் இயலாது. ஆண்டுதோறும் அக்காவிடமிருந்து வந்த உமலை அவிழ்த்து, மணத்தை முகர்ந்துவிட்டு, அயலவருக்கும் தெரிந்தவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவந்தேன். பின்னர் தொலைபேசியிலே, “நல்ல ருசி அக்கா” என்பேன். பல்லுப் போனதைச் சொன்னால் உமல் வராது போய்விடும். உமல் வராவிட்டால் எங்களுக்கிடையே வேறென்ன இருக்கப்போகிறது என்று அஞ்சினேன்.

கடிக்க முடியாதவர் ஒருவர், கடிக்க முடியாத இன்னொருவருக்காக, வளைந்த முதுகோடு எட்டு ஆண்டுகளாகக் கிழங்கு கிண்டியிருக்கிறார். நான் அவர் அருகிலே மண்ணில் அமர்ந்தேன். கட்டுப்பல்லைக் கழற்றிக் கையிலே வைத்துக் காட்டினேன்.

அக்கா என் வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், கண்ணிலே நீர் வரும்வரை சிரித்தார். சேலைத் தலைப்பாலே முகத்தைத் துடைத்தபோது அது முழுவதும் சிரிப்பின் நீர்தானோ என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “அத்தானுக்கு வரேல்லை எண்டு எனக்கு உன்னிலை கோவம் இருந்தது தம்பி,” என்றார் மெல்ல. “எழும்பு. உரலை உருட்டு.”

சென்ற ஆண்டுப் புழுக்கொடியல் கொஞ்சம் பானையிலே இருந்தது. அதை உரலிலிட்டு நானும் பேத்தியும் மாறிமாறி இடித்தோம். அக்கா அரித்தார். அந்த மாவிலே தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துக் குழைத்து, மூன்று கிண்ணங்களிலே வைத்தார். பல்லில்லாத இருவரும் முப்பத்திரண்டும் முளைத்து முடியாத ஒருத்தியும் திண்ணையிலே வரிசையாக இருந்து உண்டோம். மண்வாசனையும் வெயிலின் மணமும் அதிலே இருந்தன. எங்கள் ஆச்சி, பல்லுப்போன காலத்திலே, இதைத்தான் உண்டார் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

பேத்தியின் பட்டியல்

கொழும்புக்குத் திரும்பும் வண்டியிலே பேத்தி தன் கொப்பியை எழுதி முடித்தாள். பயணம்: கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போன பஸ், நீரேரியைத் தாண்டும்போது இருபுறமும் பறவைகள் தெரிந்தனவாம். பொழுதுபோக்கு: கப்பற் பட்டம். தின்பண்டம்: பருத்தித்துறை வடை. “யாழ்தேவியை எழுதேல்லையோ?” என்று குறைப்பட்டேன். “அது உங்கடை, அப்பப்பா. நீங்கள் எழுதுங்கோ,” என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். அண்மையில் எனக்கு உவந்த பயணம், யாழ்தேவியிலே ஊருக்குப் போனது. உவந்த பொழுதுபோக்கு, வல்வெட்டித்துறை வானத்திலே பறந்த பட்டங்கள். உவந்த தின்பண்டம், புழுக்கொடியல் மாவிலே அக்கா குழைத்துத் தந்தது. ‘அண்மையில்’ என்ற சொல்லை இம்முறை பிள்ளை திருத்தவில்லை.

உங்களிலும் பலருக்கு ஊரிலிருந்து உமல் வரலாம்; ஒடியலாகவோ, ஊறுகாயாகவோ, மிளகாய்த்தூளாகவோ. அது யாருடைய கையால் ஆனது, அந்தக் கை இப்போது எப்படியிருக்கிறது என்று ஒருமுறை நேரிலே சென்று பாருங்கள். தொலைபேசியிலே முதுகு தெரியாது.

வருகிற ஆவணியிலே பனம்பழம் விழத் தொடங்கும். கொட்டை அடுக்க ஆள் வேண்டுமென்று அக்கா சொல்லியிருக்கிறார். இரண்டு ஆசனங்களுக்குப் பதிவு செய்யவேண்டும் என்று நான் சொன்னபோது, முழங்கால் வருத்தக்காரியான என் மனைவி, “மூண்டு,” என்றாள்.